அகல டயரும் மட்கார்டும் ஏறும் டைட்டானியம் சைக்கிள்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டைட்டானியம் துருப்பிடிக்காது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பழைய பந்தய சைக்கிளை வாங்கி மாட்டிக்கொண்டவன் நான். மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வாரத்தில் நான்கு நாள் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். போக 22 கி.மீ., வர 22 கி.மீ. அதற்கு முன் ஓட்டிய இரும்புச் சைக்கிளைக் கடற்காற்று மூன்றே ஆண்டில் அரித்துவிட்டது. புதிதாக வந்தது வெள்ளி மாதிரி மின்னியது. தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன். ஐப்பசி பிறந்ததும் வினை வந்தது. 25 மி.மீ. டயருக்கு மேல் சுண்டுவிரல் நுழைய இடமில்லை. மட்கார்டை எங்கே மாட்டுவது? ரெட்டிச்சாவடியைத் தாண்டுவதற்குள் பிட்டத்திலிருந்து பிடரிவரை சேற்றுக்கோடு. அலுவலக வாசலில் காவலாளி சிரிக்காமல் கேட்டார்: “நடவு முடிந்ததா சார்?”

இத்தனைக்கும் என் தாத்தா ஓட்டிய 28 இன்ச் சைக்கிளில் 40 மி.மீ. டயரும் இருந்தது, முழு நீள மட்கார்டும் இருந்தது. பந்தயக்காரர்களைப் பார்த்துச் சாலை சைக்கிள் செய்தவர்கள்தான் அந்த இடத்தைச் சுருக்கினார்கள். அந்த இடத்தை விட்டுவைத்திருக்கும் டைட்டானியம் சைக்கிள்களும் உலகில் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க விளம்பர வாசகத்தை நம்ப வேண்டாம், அளவு டேப்பை நம்புங்கள். என் இரண்டாவது சைக்கிளை அப்படித்தான் தேடினேன். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

டைட்டானியம் உங்களுக்குத் தேவைதானா?

டைட்டானியத்தின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் தானாகவே உருவாகிறது. கீறினாலும் நொடியில் மீண்டும் மூடிக்கொள்ளும். உப்பில் இருக்கும் குளோரைடு அதை ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் பெயின்ட் இல்லாமலே விற்கிறார்கள். எடை ஒரு கன செ.மீ.க்கு சுமார் 4.5 கிராம், இரும்புக்கு 7.85, அலுமினியத்துக்கு 2.7. வளையும் தன்மை இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், விறைப்புக்காகக் குழாயைப் பருமனாகச் செய்கிறார்கள்.

தேவனாம்பட்டினம், பழைய துறைமுகம், வீராம்பட்டினம் மாதிரி அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு இருந்து, ஒரே சைக்கிளைப் பதினைந்து இருபது ஆண்டு ஓட்டப்போகிறீர்கள் என்றால் இந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கிறது. நெய்வேலியிலோ விழுப்புரத்திலோ இருப்பவருக்கு நல்ல அலுமினியச் சட்டகமே (ஃபிரேம்) போதும் என்பது என் கருத்து. மிச்சப் பணத்தில் நல்ல சக்கரம் வாங்கலாம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூரில் பல தெருக்களில் தண்ணீர் புகுந்தது. என் சைக்கிள் இரண்டு நாள் முழங்கால் அளவுச் சகதியில் நின்றது. கழுவித் துடைத்தால் சட்டகம் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. பெடல் அச்சின் (பாட்டம் பிராக்கெட்) பேரிங், ஹப் பேரிங், செயின், பிரேக் கேபிள் எல்லாம் குப்பைக்குப் போயின. டைட்டானியம் தன்னை மட்டும்தான் காப்பாற்றிக்கொள்ளும்.

முதலில் டயர், பிறகுதான் சைக்கிள்

எந்தச் சாலையில் ஓட்டுவீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளம்வரை போய்த் திரும்புவதுதான் வாடிக்கை என்றால் 28 மி.மீ. தாராளம். கடலூர்–புதுச்சேரிச் சாலையின் ஒட்டுப்போட்ட ஓரங்களுக்கு 32. பாகூர் ஏரிக்கரை, ஆரோவில் செம்மண் பாதை, செஞ்சிக்குப் போகும் உட்சாலைகள் எல்லாம் உண்டு என்றால் 35 முதல் 38. பிரெவே (நேரக்கெடு வைத்த நெடுந்தூரச் சவாரி) ஓட்டுபவர்கள் 200 கி.மீ.யை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அவர்களில் பலர்கூட இப்போது 32-க்கு மாறிவிட்டார்கள். எனக்கு எடை 78 கிலோ. 32 டயரில் முன்னால் 50, பின்னால் 58 பி.எஸ்.ஐ. காற்று வைக்கிறேன். பழைய 25-இல் 90 வைத்த காலத்தில் கிருமாம்பாக்கம் தாண்டும்போதெல்லாம் பல் ஆடும்.

டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 32 என்று போட்ட டயரை உள் அகலம் 23 மி.மீ. உள்ள நவீன ரிம்மில் மாட்டினால் அது 34-ஐத் தொடக்கூடும். உங்கள் ரிம்மில் காற்றடித்து ஒரு நாள் விட்டு, வெர்னியரில் அளந்து வரும் எண்தான் உங்கள் டயர் அளவு. கீழே வரும் கணக்கை அந்த எண்ணிலிருந்து போடுங்கள்.

பிரேக்கைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்

ரிம் பிரேக் சைக்கிளில், பிரேக்கைச் சட்டகத்தோடு பிணைக்கும் போல்ட்டின் மையத்திலிருந்து ரிம்மில் ரப்பர் கட்டை உட்காரும் இடத்தின் மையம்வரை அளக்க வேண்டும். 39 முதல் 49 மி.மீ. என்றால் அது பந்தய சைக்கிள். 25, மிஞ்சினால் 28 ஏறும், மட்கார்டை மறந்துவிடுங்கள். 47 முதல் 57 என்றால் நடுத்தர நீள பிரேக்: 28 டயரோடு மட்கார்டு, அல்லது மட்கார்டு இல்லாமல் 32. நான் முதலில் ஏமாந்த சைக்கிளில் இந்த அளவு 44. ஒரே ஒரு முறை டேப் வைத்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

டிஸ்க் பிரேக் வந்த பிறகு இந்தத் தடை நீங்கிவிட்டது. சட்டகம் செய்பவர் மனசு வைத்தால் எவ்வளவு இடம் வேண்டுமானாலும் விடலாம். எல்லோரும் வைப்பதில்லை என்பதால்தான் அளக்க வேண்டியிருக்கிறது.

சக்கரமே இல்லாமல் அளக்கும் முறை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைப்பேன் என்றால், இதை வையுங்கள். 700சி (சாலை சைக்கிள்களின் வழக்கமான சக்கர அளவு) ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ. பாதி 311. டயரின் உயரம் ஏறக்குறைய அதன் அகலமே. ஆக 32 டயரின் ஆரம் 343. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே எட்டுப் பத்து மி.மீ. காற்று ஓட வேண்டும். மட்கார்டின் தடிமனும் அதைப் பிடிக்கும் போல்ட் தலையும் சேர்த்தால் மொத்தம் 15 ஆகும். 343-உடன் 15 சேர்த்தால் 358.

சக்கர அச்சு உட்காரும் இடத்தின் மையத்திலிருந்து கீழ்க்கண்ட மூன்று இடங்களுக்கும் டேப்பைப் பிடியுங்கள்: சீட் ஸ்டே (இருக்கைக்குக் கீழிருந்து பின் அச்சுக்கு இறங்கும் குழாய்) இரண்டையும் இணைக்கும் மேல் குறுக்குக் குழாயின் அடிப்புறம், பெடல் அச்சுக்குப் பின்னால் செயின் ஸ்டேக்களை (பெடல் அச்சிலிருந்து பின் அச்சுக்குப் போகும் குழாய்கள்) இணைக்கும் குறுக்குக் குழாய், முன்னால் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) தலையின் அடிப்புறம். மூன்றிலும் 358 அல்லது அதற்கு மேல் இருந்தால் 32 டயர் மட்கார்டோடு ஓடும். 28-க்கு 354, 35-க்கு 361. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சட்டகத்தின் உண்மையான அளவு அந்தக் குறைந்த எண்தான்.

இது உயரத்தின் கணக்கு. அகலத்துக்கு வேறு. டயர் மிகப் பருமனாக இருக்கும் இடம் அச்சிலிருந்து 327 மி.மீ. தூரத்தில் வரும் (311-உடன் 32-இல் பாதி). அந்தத் தூரத்தில் செயின் ஸ்டேயின் உட்புறம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, இரண்டு ஸ்டேக்களுக்கும் இடைவெளியை அளக்க வேண்டும். மட்கார்டு இல்லாமல் என்றால் 40 போதும். பக்கத்துக்கு 4 மிஞ்சும். 32 டயருக்குப் பொருந்துவது 45 மி.மீ. அகல மட்கார்டு, அதற்கு 47 இருந்தால் நிம்மதி. 45 இருந்தால் மட்கார்டின் ஓரத்தைக் கையால் நெரித்து இறக்கலாம், நான் செய்திருக்கிறேன். அதற்கும் குறைந்தால் வேண்டாம்.

சக்கரம் மாட்டிய சைக்கிளைக் கடையிலோ வீட்டிலோ பார்க்கப் போகிறீர்கள் என்றால் வெர்னியரே தேவையில்லை. பையில் கிடக்கும் ஆலன் கீ செட் போதும். 4 மி.மீ. கீயை டயருக்கும் ஸ்டேக்கும் நடுவே விட்டுச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். உரசாமல் போனால் தாரில் ஓட்டலாம். 6 மி.மீ. கீ போனால்தான் செம்மண்ணில் ஓட்டலாம். ஆரோவில் மண் நனைந்தால் இட்லி மாவுப் பதத்தில் டயரில் ஒட்டி, இரண்டே கிலோ மீட்டரில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். சட்டகத்தின் உட்புறத்தை மணல்தாள் மாதிரி தேய்க்கவும் செய்யும். டைட்டானியம் துருப்பிடிக்காதே தவிர, தேயும்.

தொலைவில் இருக்கும் விற்பனையாளரிடம் இந்த இடங்களில் டேப்பைப் பிடித்துப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். “32 நன்றாகவே ஏறும் சார்” என்று எழுதிவிட்டுப் படம் அனுப்பாதவரை நான் விட்டுவிடுகிறேன். எனக்கு அந்த முதல் சைக்கிளை விற்ற தரகரும் இப்படித்தான் எழுதினார்.

பருமனான டயருக்கு இன்னொரு வழி, 700சி-யைவிடச் சிறிய 650பி சக்கரம். டிஸ்க் பிரேக் சைக்கிளில் மட்டும் ஆகும். விட்டம் 584, பாதி 292, 42 மி.மீ. டயர் போட்டாலும் ஆரம் 334-தான். டயர் பருக்கும் இடம் அச்சுக்கு நெருங்கி வருவதால், ஸ்டேக்கள் விரிந்திருக்கும் பகுதியில் அது உட்கார்ந்துகொள்ளும். பிரெஞ்சுக்காரர்கள் தொலைதூரச் சுற்றுலா சைக்கிள்களுக்கென வளர்த்த அளவு இது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்து மிச்சங்கள் எத்தனையோ இருக்க, இந்த டயரை மட்டும் கடையில் கேட்டால் முழிக்கிறார்கள். எதற்கும் இரண்டு டயர் கூடவே வாங்கி வையுங்கள்.

துளைகள் இருக்கின்றனவா?

மட்கார்டுக்கு இடம் இருந்தும் பிடிமானம் இல்லாத சட்டகங்கள் உண்டு. பின் அச்சருகே இரு பக்கமும் எம்5 (5 மி.மீ.) மரையுள்ள துளை. மேல் குறுக்குக் குழாயின் அடியில் ஒன்று. செயின் ஸ்டே குறுக்குக் குழாயில் சக்கரத்தைப் பார்த்தபடி ஒன்று. ஃபோர்க்கின் கால்களில் இரண்டு. ஃபோர்க் தலையின் பின்புறம் ஒன்று. கேரியரும் மாட்டுவீர்கள் என்றால் அச்சருகே பக்கத்துக்கு இரண்டு துளை கேளுங்கள். பிளாஸ்டிக் பட்டை கட்டி மாட்டும் மட்கார்டு இரண்டு மழைக்குத் தாங்கும், மூன்றாவதில் சக்கரத்துக்குள் போகும்.

ஃபோர்க்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். டைட்டானியத்தில் ஃபோர்க் செய்தால் விலையும் ஏறும், வளைந்து கொடுப்பதும் கூடும் என்பதால் பெரும்பாலான டைட்டானியம் சைக்கிள்களுக்குக் கார்பன் ஃபோர்க்தான் வரும். அது வேறொருவர் செய்தது. பின்னால் 38 ஏறும் சட்டகத்துக்கு முன்னால் 30 மட்டுமே ஏறும் ஃபோர்க்கை மாட்டி விற்கிறார்கள். துளை இல்லாத கார்பன் ஃபோர்க்கில் துளை போடலாமா என்று கேட்காதீர்கள், கூடாது. ஃபோர்க்கை மாற்ற வேண்டுமென்றால் பழையதன் நீளத்துக்கும் முன்னோக்கிய வளைவுக்கும் நெருக்கமான ஒன்றைப் பாருங்கள், இல்லாவிட்டால் சைக்கிள் திரும்பும் விதமே மாறிவிடும்.

செயின் ஸ்டே நீளம் 425 முதல் 435 வரை இருந்தால் மட்கார்டு தாராளமாக உட்காரும். 410 என்றால் பந்தய வம்சம். முன்னால் மட்கார்டு வந்தபின், மெதுவாகத் திரும்பும்போது கால் விரல் அதில் இடிக்கிறதா என்பதையும் ஓட்டிப் பாருங்கள். குட்டைச் சட்டகங்களில் இடிக்கும். பெடல் அச்சு திருகும் வகையாக இருக்கட்டும். அழுத்திப் பொருத்தும் வகை நம் ஊர் ஈரத்தில் கிறீச்சிடத் தொடங்கினால் நிற்காது. அதன் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

எங்கே தேடுவது?

அமெரிக்காவின் லைட்ஸ்பீட், லின்ஸ்கி, மூட்ஸ், நெதர்லாந்தின் வான் நிக்கோலஸ், இங்கிலாந்தின் எனிக்மா, ரிப்பிள், கினேசிஸ் ஆகியவை இந்தத் துறையில் தெரிந்த பெயர்கள். லைட்ஸ்பீடைத் தொடங்கிய லின்ஸ்கி குடும்பமே அதை விற்றுவிட்டு, 2006-இல் தங்கள் பெயரில் மீண்டும் தொடங்கியது. வான் நிக்கோலஸின் யூகான், கினேசிஸின் ஜிடிடி, ரிப்பிளின் சிஜிஆர் ஆகிய மூன்றும் மட்கார்டை மனத்தில் வைத்து வடிவமைத்தவை. யூகான் ரிம் பிரேக்கோடு வந்தது, மற்ற இரண்டும் டிஸ்க். ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறுவதால் பெயரை வைத்துத் தேடுங்கள், டேப்பை வைத்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது வழி, அளவு கொடுத்துச் செய்விப்பது. சீனாவின் பாவோஜி நகரம் டைட்டானியத்துக்குப் பேர்போனது. ஷியாமெனில் உள்ள வால்ட்லி மாதிரியான பட்டறைகள் தனி ஒருவருக்கும் சட்டகம் செய்து தருகின்றன. ஒரு பெருமூச்சோடு இதை எழுதுகிறேன்: கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் டைட்டானியத் தாது தோண்டுகிறோம், கொல்லம் அருகே சவராவில் டைட்டானியம் ஸ்பாஞ்சு (தாதுவிலிருந்து பிரித்த நுண்துளை உலோகம்) ஆலையே இருக்கிறது, சைக்கிள் குழாய்க்கு மட்டும் சீனாவைப் பார்க்கிறோம். செய்விக்கும்போது “அகல டயர் ஏற வேண்டும்” என்று எழுதினால் அவர்கள் நினைக்கும் அகலம் வரும். “35 டயரோடு 45 மி.மீ. மட்கார்டு, அச்சிலிருந்து மூன்று இடங்களிலும் குறைந்தது 361, செயின் ஸ்டே 430, பெடல் அச்சு திருகு வகை” என்று எண்ணாக எழுதுங்கள். அவர்கள் அனுப்பும் வரைபடத்தில் அந்த எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே முன்பணம்.

மூன்றாவது, பழையது. சென்னை, பெங்களூரு நெடுந்தூர ஓட்டிகளிடமிருந்தும், ஆரோவில்லிலிருந்து ஊர் திரும்புபவர்களிடமிருந்தும் எப்போதாவது வரும். என்னிடம் இப்போது இருப்பது அப்படி வந்ததுதான். பதினொரு மாதம் காத்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து பழைய சைக்கிளை நீங்களாக வரவழைக்க நினைக்காதீர்கள். பயன்படுத்திய பொருள்களின் இறக்குமதிக்கு அரசின் தனி அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் சுங்கத்தில் நிற்கும்.

புதியதை வரவழைக்கும்போது முழு சைக்கிள் 8712 என்ற சுங்கத் தலைப்பிலும், சட்டகமும் பாகங்களும் 8714 என்ற தலைப்பிலும் வரும். வரி வீதம் வேறு வேறு என்பதால், பணம் கட்டுமுன் சென்னையில் ஒரு சுங்கத் தரகரிடம் இரண்டுக்கும் கணக்குப் போடச் சொல்லுங்கள். உள்நாட்டில் 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

கையில் வந்ததும் கூர்ந்து பார்க்க வேண்டியவை

குழாய்களுக்கு வழக்கமாக வருவது 3 சதவீத அலுமினியமும் 2.5 சதவீத வனேடியமும் கலந்த 9-ஆம் தரம். அச்சு உட்காரும் தகடுகளுக்கு 5-ஆம் தரம். வெல்டிங் தழும்புகள் காசுகளைச் சாய்த்து அடுக்கிய மாதிரி சீராக, வெள்ளி நிறத்திலோ இளம் வைக்கோல் நிறத்திலோ இருக்க வேண்டும். கருநீலமோ சாம்பலோ படிந்திருந்தால் வெல்டிங்கின்போது ஆர்கான் வாயு சரியாகக் காக்கவில்லை, காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். அந்த இடம் நொறுங்கும் தன்மை பெற்றிருக்கலாம். நம் தெரு வெல்டிங் கடையில் இதை ஒட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். குழாயின் உள்ளேயும் ஆர்கான் நிரப்பிச் செய்ய வேண்டிய வேலை அது.

பழையதில் டார்ச் அடித்து, தலைக் குழாயின் அடிப்பக்கம், இருக்கைக் குழாய் சேருமிடம், பெடல் அச்சருகே செயின் ஸ்டே ஆகியவற்றில் மயிரிழை விரிசல் தேடுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் நூல் சிக்கும்.

பிறகு, இருக்கைத் தண்டு அசைகிறதா என்று பாருங்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். அலுமினியமும் டைட்டானியமும் உப்பு நீரும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். ஒரு மழைக்காலம் முழுக்க நான் இருக்கைத் தண்டைக் கழற்றவில்லை. தை மாதம் உயரத்தைக் குறைக்கப் பார்த்தால் நகரவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன், சட்டகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, தண்டின் தலையை வைஸில் கடித்துப் பிடிக்கவைத்து, சட்டகத்தையே நெம்புகோலாக்கித் திருப்பினார். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரவெல்லாம் எண்ணெய் ஊறவிட்டு மறுநாள் திருப்பியபோது பலகை உடைவது மாதிரி ஒரு சத்தம். வெளியே வந்த தண்டின்மேல் சுண்ணாம்பு அப்பினது போல வெள்ளைப் பொடி. அலுமினியம் பல்லுப்பல்லாக அரித்திருந்தது. சட்டகத்தின் உட்புறத்தில் ஒரு கீறல்கூட இல்லை. “இரண்டாவது முறை வந்தால் எடுத்துத் தரமாட்டேன்” என்றார் அண்ணன். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவிப் போடுகிறேன். டைட்டானியத்தில் இறங்கும் ஒவ்வொரு திருகுக்கும் அதே பசை.

போல்ட் வாங்கும்போது 304 எவர்சில்வரைவிட 316 கேளுங்கள். மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்புக்கு நன்றாகத் தாங்கும். மீன்பிடிப் படகுச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஸ்போக்கின் நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும்.

மட்கார்டை மாட்டுதல்

அகலம் டயரைவிட ஏழெட்டு மி.மீ.யாவது கூட இருக்க வேண்டும். 28 வரை 35 மி.மீ. மட்கார்டு, 28-க்கு மேல் 37 வரை 45. முதலில் மேல் குறுக்குக் குழாயில் தளர்வாகத் தொங்கவிட்டு, பிறகு கீழே, கடைசியாக மட்கார்டைத் தாங்கும் கம்பிகள். டயரின் வளைவோடு மட்கார்டின் வளைவு ஒத்துப்போக வேண்டும். ஓரிடத்தில் அகன்று ஓரிடத்தில் நெருங்கினால் கல் சிக்கும். இடிக்கும் இடத்தில் வாஷர் கொடுத்து நகர்த்துங்கள், கம்பியை வலிந்து இழுத்துக் கட்டாதீர்கள். இழுவையில் இருக்கும் மட்கார்டு துளையருகே விரியும். முன் மட்கார்டின் கம்பிக்கு, குச்சியோ கல்லோ சிக்கினால் தானாகக் கழன்றுகொள்ளும் கிளிப் வைத்தே வாங்குங்கள். இல்லாமல் சக்கரம் பூட்டிக்கொண்டால் நேராக முகத்தில்தான் விழ வேண்டும்.

முன் மட்கார்டு கடையிலிருந்து வரும் நீளத்தில் ஷூவைக் காப்பாற்றாது. அடியில் ஒரு தொங்கு பட்டை வேண்டும். என்னுடையது பழைய லாரி ட்யூபில் வெட்டியது, 15 செ.மீ. நீளம், இரண்டு போல்ட். தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நிற்கிறது. அதைவிட இறக்கினால் வேகத்தடையில் மடங்கி டயருக்குள் போகிறது.